கோவிந்தப்பன் பெட்டியில் வந்த குறுவாள்

தென்பெண்ணையின் மேலெழுந்த பனித்திரையைக் கதிரவன் மெல்ல விலக்க, குன்றின்மேற் கோயில் பொன்னொளி பூண, அடிவாரத்து ஆலைகள் புகைக்குழல் நிமிர்த்திப் பெருமூச்செறிய, கன்னட நாட்டெல்லை நோக்கிச் சரக்கூர்திகள் எறும்பொழுக்கென ஊரும் ஓசூர் மாநகரில், ஒருநாட் காலை, முனிலட்சுமி என்பாள் துணியிற் பொதிந்த குறுவாளொன்றை மார்போடணைத்தவளாய்க் கிருட்டிணகிரிப் பேருந்தில் ஏறினாள்.

மின்னோடிகளுக்குக் கம்பி சுற்றுவதில் வல்லவனான அவள் கணவன் கோவிந்தப்பன், ஆப்பிரிக்கக் காங்கோ நாட்டுச் சுரங்கமொன்றிற் பணியாற்றுங்கால் கொடுங்காய்ச்சலுக்கு இரையானான். அவன் உடைமைகளோடு வந்த பெட்டியில் இவ்வாள் கிடக்கக் கண்டு கொழுந்தன் கந்தன் அஞ்சினான்.

“அண்ணி, திருட்டுப் பொருளா இருந்தா அண்ணன் பேரு கெட்டுடும். உலையில போட்டு உருக்கிடலாம்.”

“உருக்கிட்டா உன் சந்தேகமும் உருகிடுமா கந்தா? என்னான்னு தெரிஞ்சுக்காம வுடமாட்டேன்.”

கிருட்டிணகிரியில் தொல்பொருள் ஆய்வாளர் அருணா, வேலிலைபோல் அகன்ற அவ்வலகை உருப்பெருக்கியின்கீழ் நெடும்பொழுது நோக்கினார். கரியுலையில் உருக்கிக் கையால் அடித்த இரும்பென்பதற்குச் சான்றாய்க் கசடு நூலிழைபோல் அதனூடே ஓடக் கண்டார். காங்கோ ஆற்றங்கரைக் குடித்தலைவர் ஏந்தும் வாளென வடிவால் தெளிந்தார். ஆயினும் கைப்பிடியைக் கண்டு புருவம் நெரித்தார்.

“வாள் நூறு வருசத்துக்கும் மேல பழசுக்கா. பிடியில பாதி பழைய பித்தளைத் தகடு. மீதியில சுத்துன செம்புக் கம்பி மட்டும் புதுசு. சுத்துறத யாரோ பாதியில விட்டிருக்காங்க.”

முனிலட்சுமி குனிந்து நோக்கிக் கம்பியின் முனையை விரலால் தடவினாள்.

“இது மோட்டாருக்குச் சுத்துற கம்பி மேடம். முனைய உள்ள மடிச்சுச் செருகியிருக்கு பாருங்க, எங்க ஊட்டுக்காரரு கைவேல. யாரோ சரிபண்ணக் குடுத்திருக்காங்க. அவுங்க இன்னும் காத்துக்கிட்டு இருப்பாங்க.”

அன்றே அவள், சுரங்கத்திற் கணவனோடு பணிபுரிந்து விடுப்பில் ஊத்தங்கரைக்கு வந்திருந்த ஹரீஷ்குமாரைத் தேடிச் சென்றாள். அவன் ஆங்குள்ளாரிடம் தொலைபேசியில் வினவ, மூன்றாம் நாள் மறுமொழி வந்தது. சுரங்கத்தை அடுத்த சிற்றூர்த் தலைவர், செப்பனிட்டுத் தருவேனென்ற கோவிந்தப்பன் சொல்லை நம்பித் தம் முன்னோர் வாளைத் தந்தவர், இவ்வாறு சொல்லியனுப்பினார்:

“துயருற்ற வீட்டில் எம் பொருளைக் கேட்க நாணினோம்.”

அதைக் கேட்டுக் கந்தன் தலைகவிழ்ந்தான்; பின், அண்ணன் பட்டறையிலிருந்து எஞ்சிய செம்புக்கம்பியைத் தானே கொணர்ந்தான். முனிலட்சுமி அழாமல் அமர்ந்து, கணவன் சுற்றக் கண்டு பழகியவாறே பிடியின் குறையைச் சுற்றி முடித்தாள். உரிய இசைவுகளைப் பெற்று, பணிக்கு மீளும் ஹரீஷ்குமாரிடம் வாளை ஒப்படைத்து, ஊர்தி கண்மறையும்வரை நின்றாள். அதன் பின்னரே அவள் கண்கள் நிறைந்தன. மாண்டார்க்கு உயிரை மீட்டளிப்பார் எவருமிலர். அவர்தம் சொல்லை மீட்டளிப்பார் ஒரோவழி உளர்.