முதுகு மட்டும் தெரிந்த படம்

அலபாமாவில் கறுப்பர்களுக்காக அரசு நடத்திய கல்லூரியில் நானும் ஒடெல்லாவும் ஒரே அறையில் தங்கிப் படித்தோம். 1960-இல் எங்கள் மாணவர்கள் சிலர் கறுப்பர்கள் நுழையக் கூடாத வெள்ளையர் உணவகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். மறுநாள் செய்தித்தாளில் அவர்கள் படம் வந்தது. கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சு செய்து படிப்பை ஓட்டிக்கொண்டிருந்த என் முன்னால் பதிவாளர் அதை வைத்தார்.

"இவங்க பேரெல்லாம் கவர்னர் கேக்குறார். முதுகு காட்டிக்கிட்டு இருக்கிற பொண்ணு யாரும்மா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமோ என்று பயந்து ஒடெல்லாவின் பெயரைச் சொன்னேன். அவளை நீக்கும் கடிதத்தையும் நானே அடித்தேன். பட்டம் வாங்க அவளுக்கு மூன்று மாதம்தான் பாக்கி இருந்தது.

ஐம்பத்தெட்டு வருடம் கழித்துக் கல்லூரி மன்னிப்புக் கேட்டு, அவளை அழைத்துப் பட்டம் கொடுத்தது. அவளுக்குப் பட்டமளிப்பு அங்கி மாட்டிவிடும்போது நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும்டி வெர்லின். நான் பெட்டி கட்டுறப்பவே உன் மூஞ்சி சொல்லிடுச்சு. நீயா ஒரு கடுதாசி போடுவேன்னு ரொம்ப வருஷம் பாத்தேன்."

"இப்ப சொல்லிட்டேனே, ஒடெல்லா."

"டீச்சராகணும்னு படிச்சவ, நாப்பது வருஷம் லாண்டரியில துணி தேச்சேன். இப்ப சொல்லி என்னடி?"

மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை.