ஆறாம் எண் அறையின் ஆழம்

துறைமுக நகரத்தின் நெரிசல் பேட்டையான ஷாம் ஷூய் போவில், துணிச்சந்தைக்குப் பின்னால் இருக்கிற லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடியில், ஆறாம் எண் அறையில் இருந்த கடலை முந்நூறு மீட்டர் ஆழம் வரைக்கும் அளந்தார்கள். அதற்குமேல் அளக்கக் கயிறு இல்லை. அறை ஐம்பத்திரண்டு சதுர அடி. ஜன்னல் கிடையாது, வாடகை மாதம் மூவாயிரத்து இருநூறு டாலர், கரண்டுக்குத் தனி. அங்கே குடியிருந்தவள் மோக் சோய்லின். வாத்து வறுவல் கடையில் பாத்திரம் கழுவுகிறவள், நாற்பத்தேழு வயது, ஒண்டிக்கட்டை, அரசாங்க வீட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பதினோரு வருஷமாக வரிசையில் நிற்கிறவள். அறைக்குள் கடல் எப்படி வந்தது என்று அந்தக் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: அதுவா வரல, அவ வளத்தா.

அந்த மாடியின் ஓனர் யாவ் கம்-ஃபாய். இடுப்பில் எப்போதும் அளவு டேப் ஒன்று தொங்கும், அதனால் தெருவில் அவருக்கு டேப் யாவ் என்று பேர். ஒரே குடும்பம் இருந்த வீட்டைப் பலகை வைத்து அடைத்து ஒன்பது அறை ஆக்கியவர். சமையலறையும் கக்கூஸும் பொது. குளிக்கிற தொட்டி இருந்த இடத்தில்கூட ஒரு கட்டிலைப் போட்டு, அதற்கு எட்டாம் எண் என்று பேர் வைத்து வாடகைக்கு விட்டார். கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது, புத்தாண்டுக்குச் சிவப்பு உறையில் ஆளுக்கு இருபது டாலர் வைத்துக் கொடுப்பார். ஆனால் காலி இடத்தைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும், அதற்கு என்ன செய்ய முடியும்.

சோய்லினுக்கு மதியம் ரெண்டரையிலிருந்து ஐந்தரை வரை கடையில் இடைவேளை. ஒரு நாள் அந்த நேரத்தில் வளர்ப்பு மீன் விற்கிற தங்கமீன் தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனபோது, ஹோ என்பவளின் கடையில் பொத்தான் பவளம் என்கிற கடல் உயிரைப் பார்த்தாள். சட்டைப் பொத்தான் அளவில், பச்சையும் ஆரஞ்சுமாக ஒரு கொத்து. அவள் நிழல் விழுந்ததும் அத்தனையும் வாயை மூடிக்கொண்டன. ஆடாமல் நின்றாள், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் திறந்தன. கையை ஆட்டினாள், மூடின. நின்றாள், திறந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன விலை என்று கேட்டாள். ஹோ அவளுடைய ரப்பர் செருப்பையும் ஊறி வெளுத்த விரல்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “உப்புத்தண்ணித் தொட்டியெல்லாம் பணக்காரங்க வெளையாட்டு, அக்கா. நீ ரெண்டு தங்கமீன் வாங்கிட்டுப் போ, பத்து டாலர்தான்,” என்றாள். ஹோ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் சோய்லின் தன் பாட்டுக்குப் போயிருப்பாள். அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. “பாத்துடலாம்,” என்றாள்.

குப்பை போடுகிற இடத்தில் யாரோ விட்டுப்போயிருந்த, மூலையில் விரிசல் விட்ட கண்ணாடித் தொட்டி அவளுக்குச் சும்மா கிடைத்தது. நீளம், அகலம், உயரம் எல்லாம் ஓரடி. விரிசலை அடைக்கச் சிலிக்கான் பசை பதினெட்டு டாலர். அப்லியு தெருவின் பழைய சாமான் கடையில் சின்ன பம்பு ஒன்றும் நீல விளக்கு ஒன்றும் பேரம் பேசி நாற்பத்தைந்துக்கு வாங்கினாள். பவளத்துக்குச் சூடு ஆகாது என்பதால் தண்ணீருக்கு மேலே ஒரு கிளிப் ஃபேன். மணலும், உயிர்க்கல் என்று சொல்கிற ஓட்டை ஓட்டையான கல்லும், மூடப்போகிற ஒரு கடையின் வாளியிலிருந்து வந்தன. கடல் தண்ணீருக்கு மட்டும் ஒரு காசும் கொடுக்கவில்லை. விடுமுறை நாளில் பஸ் ஏறி சாய் குங் கடற்கரைக்குப் போய், ரெண்டு கேனில் மொண்டுகொண்டு வந்து, நாலு மாடியும் தூக்கி ஏறினாள். வைக்க வேறு இடமில்லாமல் தொட்டியைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். அன்றிலிருந்து அவள் கால் நீட்டிப் படுக்கவில்லை.

தொட்டியில் ஒரு இறாலைப் போட்டு அழுகவிட்டு, ஆறு வாரம் சும்மா இருக்க வேண்டும் என்று ஹோ சொல்லியிருந்தாள். அழுக்கைத் தின்கிற நுண்ணுயிர்கள் அதற்குள் பெருக வேண்டும், அதற்கு முன்னால் எதை விட்டாலும் செத்துப்போகும். தங்கமீன் தெருவில் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் தோற்பது இங்கேதான், ரெண்டாம் வாரமே மனசு கேட்காமல் ஒரு மீனை விட்டுவிடுவார்கள். சோய்லின் வரிசையில் நின்று பழகியவள். நாற்றம் மட்டும் மாடி முழுக்கப் பரவியது. நாலாம் எண் அறையில் இருந்த பாங், இரவு வாட்ச்மேன், அறுபது வயது, அந்த மாடியிலேயே பெரிய வாய் அவருக்குத்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா லின்னு, மீனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெறும் தண்ணியையா வளக்கிற?”

“ஆமாண்ணே, தண்ணியத்தான் வளக்கிறேன்.”

“வள, வள. பெருசானதும் நல்ல எடமாப் பாத்துக் கட்டிக் குடு.”

பலகைக்கு அந்தப்பக்கமெல்லாம் சிரிப்பு. சோய்லினுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆறு வாரம் முடிந்தும் எதையும் விடவில்லை. இன்னும் ஆறு வாரம் சும்மா இருந்தாள், அதற்கப்புறமும் ஆறு வாரம். தண்ணீர் வளர்ந்தது.

பதினெட்டாம் வாரத்தில், கண்ணாடி சுரண்ட வைத்திருந்த பழைய பஸ் அட்டை கை தவறித் தொட்டிக்குள் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் மணலும் கல்லும் ஓரடிக்குள் தெரிகின்றன, மேலிருந்து கையை விட்டால் தோள்வரைக்கும் போகிறது, அடி தட்டவில்லை. சோய்லின் கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். மறுநாள் ஹோவிடம் சொன்னபோது, தண்ணி பக்குவமாயிடுச்சு, இனிமே பவளம் விடலாம் என்றாள் ஹோ. உடைந்து, ரெண்டே ரெண்டு பொத்தான் ஒட்டிக்கொண்டிருந்த, யாரும் சீந்தாத ஒரு துண்டைப் பத்து டாலருக்குக் கொடுத்தாள். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். “தண்ணி குறைஞ்சா நல்ல தண்ணிதான் ஊத்தணும், மறந்து உப்புத்தண்ணிய ஊத்திடாத. ஆவியாப் போறது தண்ணிதான். உப்பு எங்கயும் போகாது.”

மூன்று வருஷத்தில் ரெண்டு பொத்தான் முந்நூறு ஆனது. தொட்டியின் தண்ணீர் நாளுக்கு ரெண்டு தடவை ரெண்டு விரற்கடை இறங்கி ஏறியது, துறைமுகத்தில் ஓதம் இறங்கி ஏறுகிற அதே நேரத்துக்கு. ஆகஸ்டு வெக்கையில் ஆறாம் எண் அறையிலிருந்து காற்று வீசியதால் அந்த மாடியில் யாரும் ஃபேன் போடவில்லை. ஏழாம் எண்ணில் இருந்த சியூ-லாயின் கைக்குழந்தைக்கு வேர்க்குரு மறைந்தது. பலகை இடுக்குகள் வழியாகப் பச்சை வெளிச்சம் கசிந்து ஜன்னல் இல்லாத ஏழு அறைக்கும் பகல் வந்தது, பாங் டியூட்டி முடிந்து வந்து அதில் பேப்பர் படித்தார். துவட்டுகிற துண்டெல்லாம் உப்புக் கரிக்கிறது என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். மற்றபடி யாருக்கும் புகார் இல்லை.

விஷயம் யாவ் காதுக்குப் போனது. ஒன்றாந்தேதி வந்து கதவைத் தட்டி, மீன் வளர்க்கக்கூடாது என்று அக்ரிமென்டில் இருக்கிறது என்றார். “மீன் எங்க இருக்கு, காட்டுங்க,” என்றாள் சோய்லின். குனிந்து குனிந்து தேடினார், இல்லை. வந்ததுக்கு அளந்துவிட்டாவது போகலாம் என்று, பழக்கதோஷத்தில் டேப்பைத் தண்ணீருக்குள் விட்டார். ஐந்து மீட்டரும் உள்ளே போய், அடி தட்டாமல், கையிலிருந்து உருவிக்கொண்டு டேப்பே போய்விட்டது. மறுநாள் முப்பது மீட்டர் டேப்போடு வந்தார், போதவில்லை. அதற்கும் மறுநாள் கணவாய் பிடிக்கிற படகிலிருந்து முந்நூறு மீட்டர் கயிறும் ஈயக்குண்டும் வாங்கிவந்தார், அதுவும் போதவில்லை. வேறு யாராவது என்றால் வாயைப் பிளந்திருப்பார்கள், இல்லை ஊதுபத்தி கொளுத்தியிருப்பார்கள். யாவுக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. தன் கூரைக்குக் கீழே இவ்வளவு இடம் மூன்று வருஷமாகச் சும்மா கிடந்திருக்கிறது, தன்னிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரே வாரத்தில் அவர் கடலைத் தடுத்து அறைகளாக்கத் திட்டம் போட்டுவிட்டார். உயிர்மீன் வைக்க ஒரு பாகம் ஓட்டல்காரருக்கு. வீட்டில் இடமில்லாதவர்களின் பெட்டி படுக்கையை அடுக்க ஒரு பாகம் குடோன்காரருக்கு. அஸ்தி வைக்க மாடம் கிடைக்காமல் காத்துக்கிடக்கிற குடும்பங்களுக்கு மிச்சம், அதற்கு ஒரு புரோக்கரே ஆள் பிடித்து வைத்திருந்தார். தடுப்புக்கு பிளாஸ்டிக் பலகைகள் வெட்டச் சொல்லியாகிவிட்டது. ஆறாம் எண் அறை மாசக் கடைசிக்குள் காலியாக வேண்டும், கட்டில் இருந்தால் வழி மறிக்கும்.

“தண்ணிய வளத்தது நான்,” என்றாள் சோய்லின்.

“வளத்த எடம் என்னுது. வேற எங்கயாவது போய் வளத்துக்க.”

“ஆவியாப் போறது தண்ணிதான், ஓனரே. உப்பு எங்கயும் போகாது.”

யாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மாசக் கடைசி, ஞாபகம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு சோய்லின் அழுதாள். பதினோரு வருஷ வரிசை, மடக்கிய கால், நாலு மாடி தூக்கிய தண்ணீர், எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதாள். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது. இவன் என்ன பிரிக்கிறது, நானே பிரிக்கிறேன். பவளத்தை வெட்டினால் சாகாது, ஒவ்வொரு துண்டும் தனியாக வளரும் என்று ஹோ எப்போதோ சொல்லியிருந்தாள், ஆனால் இதுவரை அவளுக்குக் கத்தி வைக்க மனசு வந்ததில்லை. வெட்டுகிறபோது பொத்தான் பவளம் விஷத்தைக் கக்கும். அதனால் பாத்திரம் கழுவுகிற கையுறையை மாட்டிக்கொண்டாள், யாரோ தொலைத்த நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள், நகவெட்டியை எடுத்தாள். துண்டு துண்டாக வெட்டிக் கூழாங்கல்லில் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினாள். காபி பாட்டில், சோயா ஊறுகாய் ஜாடி, ஓட்டை விழாத பழைய குக்கர் என்று கிடைத்ததிலெல்லாம் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு துண்டும் போட்டு எட்டு அறைக்கும் கொடுத்தாள். மிச்சத்தை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனாள். ஒவ்வொரு கிண்ணம் மொண்டபோதும் தொட்டியின் ஆழம் குறைந்தது.

பாங் தன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத வச்சு நான் என்னம்மா பண்றது?”

“ஒண்ணும் பண்ணாதீங்கண்ணே. அதுதான் வேலையே.”

அவர் சிரிக்கவில்லை. மாசக் கடைசிவரைக்கும் மாடி முழுக்க எல்லாரும் ஒன்றும் பண்ணாமல் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முப்பதாம் தேதி யாவ் புது டேப்போடும், ஓட்டல்காரர், குடோன்காரர், அஸ்தி புரோக்கர் மூவரோடும் வந்தார். பாருங்க என்று டேப்பை விட்டார். டக்கென்று அடி தட்டியது. மறுபடி விட்டார், மறுபடியும் டக்.

“ஓரடிதான், ஓனரே. எழுதிக்கங்க,” என்றாள் சோய்லின்.

புரோக்கர் விழுந்து விழுந்து சிரித்தார். மூவரும் படி இறங்கிப் போய்விட்டார்கள். யாவ் திரும்பினார், திறந்து கிடந்த ஒவ்வொரு கதவுக்குள்ளும் அலமாரியில் ஒரு பாட்டில் இருந்தது.

“அதுல என்னது?”

“ஊறப்போட்ட தோஃபு,” என்றார் பாங்.

யாவ் சியூ-லாயின் ஊறுகாய் ஜாடியைப் பிடுங்கி டேப்பை விட்டார். மூன்றங்குல ஜாடிக்குள் ஐந்து மீட்டரும் போய், இந்த டேப்பும் கையை விட்டுப் போய்விட்டது. “இதோ இருக்கு என் கடல்!” என்று கத்திக்கொண்டே ஜாடியோடு நாலு மாடியும் ஓடினார். தெருமுனையில் ஓட்டல்காரரைப் பிடித்து நிறுத்தி, கையை உள்ளே விடுங்கள் என்றார். விரல் ரெண்டாம் கணு வரைக்கும் போய் அடி தட்டியது. பொத்தான்கள் இறுக மூடிக்கிடந்தன. அந்தத் தண்ணீருக்காகச் சும்மா இருந்தவர்கள் எல்லாரும் மாடியில் இருந்தார்கள், ஒரு நாள்கூடச் சும்மா இருக்காத யாவின் கையில் தனியாக அது எப்படி ஆழம் காட்டும். ஓட்டல்காரர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வீட்டில் போய் நன்றாகத் தூங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூச்சிரைக்க அவர் திரும்பி ஏறி வந்தபோது நடைபாதையில் ஒன்பது அறைக்காரர்களும் நின்றார்கள், கையில் ஆளுக்கொரு பாட்டில். சியூ-லாய் மட்டும் குழந்தையை வைத்திருந்தாள்.

“என் மூஞ்சிய என்ன பாக்கிறீங்க? இவ இன்னிக்கே காலி பண்ணணும்,” என்றார் யாவ்.

“பண்ணட்டும்,” என்றார் பாங். “லின்னு போனா நாங்களும் போறோம். பாட்டிலோட. ஒம்பது அறையையும் நீயே படுத்து நிரப்பிக்க.”

“லின் அக்கா குடுத்த என் ஜாடிய மொதல்ல குடுங்க,” என்றாள் சியூ-லாய்.

யாவின் கை இடுப்புக்குப் போனது, அங்கே டேப் இல்லை. ஒன்பது முகத்தையும் பார்த்தார். ஜாடியைத் தளும்பாமல் தரையில் வைத்தார். “வாடகை ஒண்ணாந்தேதி,” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவருடைய நிழல் படிக்கட்டில் மறைந்ததும் ஜாடிக்குள் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அன்று சாயங்காலத்துக்குள் ஒவ்வொருவரும் ஒரு கிண்ணம் தண்ணீரைச் சோய்லினின் தொட்டியில் திருப்பி ஊற்றினார்கள். தொட்டி மறுபடி ஆழமானது, ஊற்றியவர்களுடையதும் குறையவில்லை. பிப்ரவரியில் மூன்றாம் மாடியில் ஒரு காபி பாட்டிலில், ஓதம் ஏறியபோது, யாவின் முதல் டேப் மேலே வந்தது. அங்குலம் விடாமல் பவளம் படர்ந்து ஒரு எண்ணும் தெரியவில்லை. பொருள் அவருடையது என்பதால் கொடுத்தனுப்பினார்கள். அதைத்தான் இன்றைக்கும் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிகிறார். அந்த மாடியில் அதற்கப்புறம் யாருடைய அறையும் அளக்கப்படவில்லை.

திருப்பி ஊற்றியதற்கு மறுநாள், மதிய இடைவேளையில், சோய்லின் படியேறி வந்து கதவைச் சாத்திக் கட்டிலில் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மடக்கிய காலை நீட்டினாள். குதிகால் தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கியது, அப்புறம் கணுக்கால், அப்புறம் முழங்கால். பொத்தான்கள் ஒரு தடவை மூடி, பிறகு திறந்தன. எவ்வளவு நீட்டியும் அடி தட்டவில்லை. ஐந்தரைக்கு வேலைக்குப் போக வேண்டும். அதுவரை அப்படியே படுத்துக் கிடந்தாள்.