நட்சத்திரம் பிடிக்கும் கைகள்

தொலைநோக்கி சிலி நாட்டு மலையில் இருந்தது. அதன் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு இயந்திரக் கைகள் ஆளுக்கொரு நட்சத்திரத்தின் ஒளியைப் பிடிக்க வேண்டும். ஒன்றோடொன்று மோதக் கூடாது. அவற்றை நகர்த்தும் மென்பொருளை மலேசியாவின் பீடோங்கில் வீட்டிலிருந்தே எழுதியவள் காஞ்சனா.

முதல் சோதனையன்று அங்கே இரவு, இங்கே காலை. கணவன் சத்தியசீலன் தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு அவளருகில் உட்கார்ந்தான். திரையில் கைகள் நகர்ந்தன. திடீரென்று ஒரு கை பாதியில் நின்றது.

“ஐயோ, ரோசாக் ஆயிருச்சா? கெட்டுப்போச்சா?”

“இல்லைங்க. பக்கத்துக் கைக்கு வழி விடுது. அப்படித்தான் எழுதியிருக்கேன்.”

பக்கத்துக் கை கடந்ததும், நின்ற கை தன் நட்சத்திரத்தைப் போய்ச் சேர்ந்தது. பிடித்த ஒளியெல்லாம் வண்ணக் கோடுகளாகத் திரையில் விரிந்தது. காஞ்சனா சிரித்தாள். சத்தியசீலன்தான் அழுதான்.

“ஏங்க அழுவுறீங்க?”

“ரெண்டு வருசமா நீ பட்ட பாடு எனக்குத்தானே தெரியும் லா.”

அவள் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“வாங்க, பசியாறலாம்.”