ஃபைன் சார்

எழுபது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளைக்கு நைட்டிக் கடை வாசலில் என்ன வேலை? உபைதுல்லா நின்றார். பூப்போட்ட நைட்டிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வாங்கப் போகிறவர் போல ஒன்றின் ஓரத்தைத் தொட்டுக்கூடப் பார்த்தார். உள்ளேயிருந்து கடைக்காரப் பெண் "யாருக்கு பாய், சைஸ் என்ன?" என்று கேட்ட பிறகுதான் இடத்தை விட்டு நகர்ந்தார்.

"கடைசி காலத்துல நைட்டி மேல ஆசையாடா?" என்று கேட்கத்தான் கூட வந்த பக்கிரி வாயைத் திறந்தார். கேட்கவில்லை. உபைதுல்லாவின் கை சட்டைக்கு மேல் நெஞ்சுக்குழியை அமுக்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் வியர்வை. மார்கழிக் காலை அது. மன்னார்குடியே மப்ளரைச் சுற்றிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தது.

பக்கிரிக்குச் சிநேகிதன் குணசேகரன் ஞாபகம் வந்தது. அவனும் இப்படித்தான் நின்றான். மோட்டார் கடை வாசலில் நின்று, விலைக்கு வாங்கப் போகிறவன் போல பம்ப்செட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "ஒண்ணும் இல்லடா, சும்மா பாத்தேன்" என்றான். ஐப்பசியில், சம்பா வயலுக்கு மடை திறக்கப் போனவன் வரப்பிலேயே விழுந்து கிடந்தான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு வழியில் வடுவூரைத் தாண்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மூன்று பேரும் ஒரே கம்பெனியில், சரக்குக் கப்பலில் காலத்தைக் கழித்தவர்கள். குணசேகரன் சமையல். பக்கிரியும் உபைதுல்லாவும் இஞ்சின் ரூமில் ஆயில்மேன். கப்பலில் இருந்த காலமெல்லாம் வயல், வாய்க்கால், வீட்டுச் சாப்பாடு என்று ஊரைப் பற்றியே பேசினார்கள். ரிட்டையராகி ஊருக்கு வந்த பிறகு கப்பலைத் தவிர வேறு பேச்சு கிடையாது. மாதம் ஒருமுறை ஹரித்ராநதிக் கரையில் டீக்கடையில் கூடுவார்கள். மூவர் இப்போது இருவர் ஆகியிருந்தார்கள். அது ஒருவராகக் கூடாது என்று பக்கிரி அந்த நைட்டிக் கடை வாசலிலேயே முடிவு கட்டிவிட்டார்.

"நாளைக்குத் தஞ்சாவூர் போறோம். ஹார்ட் டாக்டரைப் பாக்குறோம்."

உபைதுல்லா மறுப்பார் என்றுதான் பக்கிரி நினைத்தார். அவரோ சிரித்துக்கொண்டே, "போவோமே, அதுக்கென்ன" என்றார். அங்கேயே பக்கிரி உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் பஸ்ஸில் பேச்சு குணசேகரனைச் சுற்றியே வந்தது. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியோடு கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து அவன் முழங்கை வெந்துபோன கதை. கப்பலில் டாக்டர் ஏது? செகண்ட் ஆபீஸர்தான் டாக்டர். ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் மருந்துப் பெட்டி. பக்கத்தைப் புரட்டப் புரட்ட அந்த ஆபீஸருக்கு மயக்கம் வந்து, வெந்த கையோடு குணசேகரனே அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தான். இதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். பஸ் வடுவூரைக் கடக்கும்போது இருவருமே பேசவில்லை.

டாக்டர் மாதங்கிக்கு நாற்பது வயது இருக்கும். அவசரமில்லாமல் கேட்டார்.

"சொல்லுங்க ஐயா, என்ன பண்ணுது?"

உபைதுல்லா நாற்காலியில் விறைப்பாக நிமிர்ந்து, நெஞ்சை முன்னால் தள்ளினார். "ஃபைன், மேடம்."

"நடந்தா மூச்சு வாங்குதா? நெஞ்சுல அழுத்தம், பாரம்?"

"நோ மேடம். ஃபைன்."

பக்கிரிக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. பம்பாயில் கம்பெனி டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அதே உபைதுல்லா! அந்த டாக்டர் கையில் இருந்தது மருந்து அல்ல, முத்திரை. ஃபிட் என்று குத்தினால் கப்பல். அன்ஃபிட் என்று குத்தினால் ஊருக்கு ரயில், வீட்டில் அடுப்பு எரியாது. தலைவலி என்று ஒரு வார்த்தை வாய்தவறி வந்தாலும் போச்சு. புதிதாக வருகிற பையன்களையெல்லாம் வரிசையில் நிற்கவைத்துப் பாடம் எடுத்தவர் இவர்தான். முதல் நாள் உப்பைத் தொடாதே, டாக்டர் ரூம் வாசலில் மூச்சை மெதுவாக விடு, என்ன கேட்டாலும் ஒரே பதில்: ஃபைன் சார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவர் அந்தப் பழக்கத்தோடு சுடுகாட்டுக்கே டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்றான் டாக்டர்," என்றார் பக்கிரி. "நடந்தா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். நானே பாத்தேன்."

உபைதுல்லா டாக்டரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எங்க சிநேகிதன் ஒருத்தன் ஐப்பசியில மாரடைப்புல போயிட்டான் மேடம். அதுலேருந்து எவன் நின்னாலும் இவனுக்கு நெஞ்சுவலியாவே தெரியுது."

டாக்டர் பக்கிரியைப் பரிவோடு பார்த்தார். அந்தப் பரிவுதான் பக்கிரியைக் கொன்றது. ஈசிஜி எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. டிரெட்மில்லில் நடக்கவைத்துப் பார்க்கலாமே என்றார் டாக்டர். முட்டிவலி என்று தப்பித்துக்கொண்டார் உபைதுல்லா. "உட்கார்ந்திருக்கும்போது எடுத்த ஈசிஜியை மட்டும் வெச்சு நான் எதையும் முடிவு பண்ண முடியாது. நீங்க சொல்றதுதான் எனக்கு முக்கியம். எதையும் மறைக்காதீங்க ஐயா," என்று சொல்லித்தான் அந்த அம்மாள் அனுப்பினார்.

வெளியே வந்ததும், "பாஸ்!" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார் உபைதுல்லா. நெய் ரோஸ்ட் வாங்கித் தருவதாகச் சொன்னார். படியிறங்கும்போது பாதியில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த கண் தான விளம்பரத்தை வெகு நேரம் படித்தார்.

"எந்தக் கப்பல்ல ஏறப் போறேடா நீ? எவன் உனக்கு முத்திரை குத்தப் போறான்?" என்று பக்கிரி கத்தினார். படியேறி வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உபைதுல்லா பஸ்ஸில் தனி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று மாலையே அவர் மகள் ஃபஹ்மிதா பக்கிரிக்குப் போன் செய்தாள். "ரொம்ப சந்தோஷம் மாமா. ஒண்ணும் இல்லேன்னு டாக்டர் சொல்லிட்டாங்களாம்ல? அத்தா குஷியா இருக்காங்க." பக்கிரிக்குப் போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. அவளிடம் உண்மையைச் சொன்னாலும் அவள் அத்தாவிடம்தான் கேட்பாள். அத்தா "ஃபைன்" என்பார்.

மறுநாள் காலையில் பக்கிரியின் மனைவி அமிர்தம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கிரி அவளிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். கேட்டுக்கொண்டே கீரையை உருவியவள், "உங்க ரெண்டு பேருக்குமே டாக்டருன்னா போலீஸ்காரன் மாதிரி," என்றாள். "கம்பெனிக்காரன்கிட்ட பொய். கஸ்டம்ஸ்காரன்கிட்ட பொய். நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு எங்களுக்கும் பொய்யாத்தான் எழுதினீங்க. உண்மை பேசற ஆளுன்னு உங்களுக்கு ஒருத்தருமே கெடையாதா?"

கோபத்தில் ஏதோ சொல்லப் போன பக்கிரி அப்படியே நின்றார்.

உண்டு. ஒரே ஓர் ஆள்.

இஞ்சின் ரூமில் உபைதுல்லாவுக்குப் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை வாட்ச். பக்கிரிக்கு நாலிலிருந்து எட்டு. பகலிலும் அப்படித்தான், இரவிலும் அப்படித்தான். ஒருவர் தூங்கும்போது மற்றவர் வேலையில் இருப்பார். கப்பலில் அவர்கள் நட்பு வளர்ந்ததெல்லாம் காவல் மாறுகிற அந்தப் பத்து நிமிஷத்தில்தான். நாலு மணிக்குப் பக்கிரி இரும்புப் படியில் இறங்கி வந்து, "சொல்லு" என்பார். உபைதுல்லா ஒன்று விடாமல் சொல்வார். எந்த பம்ப்பில் ஒழுக்கு, எந்த பேரிங் சூடேறுகிறது, எந்தச் சத்தம் நேற்று இல்லாமல் இன்று புதிதாகக் கேட்கிறது, எல்லாம் வரும். "வேற?" என்பார் பக்கிரி. இன்னும் ஏதாவது இருந்தால் அதுவும் வரும். பிறகு பக்கிரி, "சரி, எடுத்துக்கிட்டேன். நீ போய்ப் படு" என்பார்.

அந்த இடத்தில் மட்டும் யாரும் பொய் சொல்லமாட்டார்கள். மாற்ற வந்தவனிடம் மறைத்தால் அவன் வெந்து சாவான். ஒருமுறை வேறு வாட்ச்சில் ஒருத்தன், திட்டு விழுமே என்று பயந்து எண்ணெய்க் குழாயின் கசிவைச் சொல்லாமல் மேலே போய்விட்டான். அடுத்து வந்தவனின் கை பொசுங்கியது. எறும்புக்கும் தீங்கு நினைக்காத உபைதுல்லா, அந்தப் பயணம் முடிகிறவரை மறைத்தவன் உட்கார்ந்த மேஜையில் சாப்பிடவே இல்லை.

"பாடிக் கறக்குற மாட்டைப் பாடித்தான் கறக்கணும்," என்று சொல்லிவிட்டு அமிர்தம் கீரையோடு உள்ளே போனாள். பக்கிரி சட்டையை மாட்டிக்கொண்டார்.

உபைதுல்லா வீட்டில் போய் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. டீ வந்தது, தொடவில்லை. "தஞ்சாவூருக்குக் கெளம்பு."

"பாஸான பரீட்சையை எவன்டா மறுபடி எழுதுவான்?"

"நான் எழுத வைப்பேன்."

மதியம் ஃபஹ்மிதா சோறு போட்டாள். "சாப்பாடு வேணாம்மா. உங்க அத்தா கெளம்புனாத்தான் இந்த வூட்டுல பச்சைத் தண்ணி குடிப்பேன்," என்றார். மகள் தகப்பனைப் பார்த்தாள். தகப்பன் கூரையைப் பார்த்தார். மறுநாளும் விடிந்ததும் பக்கிரி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். தெருவே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது. "இந்த மனுஷன் மானத்த வாங்குறான், வாடா போய்த் தொலைவோம்," என்று கடைசியில் உபைதுல்லா செருப்பை மாட்டினார். போகும் வழியில் அவர் முகம் சுண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குள் நடக்கும்போது இம்முறை எந்தக் கடையையும் பார்ப்பதாக நடிக்கக்கூட அவரால் முடியவில்லை. நின்றார், அவ்வளவுதான்.

டாக்டர் மாதங்கி இருவரையும் பார்த்து வியந்தார். "என்ன ஐயா, திரும்ப வந்திருக்கீங்க?"

உபைதுல்லாவின் நெஞ்சு முன்னால் வந்தது. "ஃபைன், மேட..."

பக்கிரி எழுந்தார். நாற்காலியை நகர்த்தி, டாக்டருக்கும் உபைதுல்லாவுக்கும் நடுவில் போய் நின்றார். டாக்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது மரியாதை இல்லைதான். மரியாதையைப் பார்த்தால் ஆள் போய்விடுவான்.

"நாலு மணி ஆச்சு," என்றார். "மாத்த வந்திருக்கேன். சொல்லு."

உபைதுல்லா அவரை அண்ணாந்து பார்த்தார். "வெளையாடாதடா."

"வெளையாடல. நீ சொல்லாம நான் எடுத்துக்க முடியாது. சொல்லு."

உபைதுல்லாவின் நிமிர்ந்த தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வார்த்தை வர நேரமாயிற்று. வரத் தொடங்கிய பிறகு தங்குதடை இல்லை.

"நடந்தா அமுக்குது. நெஞ்சுக்குழியில. கல்லை வெச்ச மாதிரி. தாடை வரைக்கும் ஏறுது. நின்னா வுட்டுடும். ரம்ஜானுக்கு அப்புறம் ஆரம்பிச்சுது. முந்தி கடைத்தெரு வரைக்கும் போவேன், இப்ப தெருமுனை தாண்ட முடியல. குளிச்சா வருது. சாப்பிட்டா வருது. போன வாரத்துலேருந்து சும்மா படுத்திருந்தாலே வருது. இடது கை மரத்துப் போவுது."

பக்கிரிக்குப் பின்னால் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. டாக்டர் நர்ஸை அழைத்துத் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார்.

"வேற?" என்றார் பக்கிரி.

"நேத்து ராத்திரி வந்தப்போ வேர்த்துக் கொட்டிச்சு. புள்ளைய எழுப்பல."

"வேற?"

உபைதுல்லாவின் கண் நிறைந்துவிட்டது. கடல் கொந்தளித்த நாளிலும் பக்கிரி பார்க்காத கண் அது.

"பயமா இருக்குடா."

தான் அழுதால் இவனும் உடைந்து போவான், ஆகவே அழக் கூடாது என்று பக்கிரி பல்லைக் கடித்துக்கொண்டார். இவ்வளவு நாளும் இவன் மறைத்தது வலியை அல்ல, இதைத்தான்.

"சரி, எடுத்துக்கிட்டேன்," என்றார். "நீ போய்ப் படு."

அறையின் மூலையில் இருந்த கட்டிலில் உபைதுல்லா முரண்டு பிடிக்காமல் போய்ப் படுத்தார். அதன்பின் எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. மறுபடி ஈசிஜி, ரத்தம், நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை, தள்ளுவண்டி. "இனி வீட்டுக்கு அனுப்ப முடியாது. இன்னிக்கே ஆஞ்சியோ பாத்துடணும். இன்னும் சில நாள் விட்டிருந்தா பெரிய அட்டாக்காவே வந்திருக்கும்," என்றார் டாக்டர். பிழைத்துவிடுவானா என்று பக்கிரி கேட்டார். "நேரத்துல வந்திருக்காரு. என்னால முடிஞ்சதை எல்லாம் பண்ணுறேன்," என்றார் அவர். அதற்கு மேல் உறுதி எதுவும் அவர் தரவில்லை, பக்கிரியும் கேட்கவில்லை.

ஃபஹ்மிதா வந்து சேரும்வரை பக்கிரி அந்தக் கதவை விட்டு அசையவில்லை. காபி வாங்கி வரட்டுமா என்று யாரோ கேட்டதற்கும் வேண்டாம் என்று தலையாட்டினார். பர்தாவின் ஓரம் தரையில் இழுபட ஓடிவந்தவள் மூச்சிரைக்க நின்றாள்.

"என்ன மாமா? அத்தா ஒண்ணுமே சொல்லலியே? காலையிலகூட நல்லா இருக்கேன்னுதானே சொன்னாங்க?"

"உக்காரு, சொல்றேன்," என்றார் பக்கிரி. வலி எங்கே ஆரம்பித்தது, எங்கே ஏறியது, எப்போதிலிருந்து, நேற்று ராத்திரி என்ன ஆனது, டாக்டர் என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில் ஒரு கணம் தயங்கினார். மகளிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தார். பிறகு அதையும் சொன்னார்.

"பயமா இருக்குன்னான்மா."

"அத்தாவா?" என்றாள் ஃபஹ்மிதா. "அத்தா அப்படிச் சொன்னாங்களா?"

பக்கிரி தலையசைத்தார். அவள் செருப்பை வாசலில் உதறிவிட்டு, தடுக்க வந்த நர்ஸை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவு மூடுவதற்குள் பக்கிரி பார்த்தார். தள்ளுவண்டியில் படுத்திருந்த உபைதுல்லா மகளைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்.