ஹென்றி படத்தின் ஓரம்

ஹார்டுவேர் கடையில் பிளாரன்ஸ் எடுத்தது சின்னச் சக்கரங்கள் வைத்த, பெயிண்ட் தொட்டு அடிக்கும் பஞ்சுப் பட்டையை. சீலிங்கை ஒட்டி உருட்டினால் கோடு நேராக வரும் என்று கடை அண்ணாச்சி சொன்னார். உடன் வந்த தேவதாசன் சரியென்றார், கூடவே முனை சாய்வாக வெட்டிய பிரஷ் ஒன்றையும், முடியை உள்ளங்கையில் வளைத்துப் பார்த்து, எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் இருவருக்கும் கல்யாணம். அவர் நாசரேத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். தூத்துக்குடியில் அவள் வீட்டிலேயே இருப்பது என்று பேசி முடித்தபின், முன்னறைக்குத் தானே பெயிண்ட் அடிப்பதாகச் சொல்லி வந்திருந்தார்.

மேல்விளிம்பு முழுக்கப் பட்டையாலேயே முடிந்தது. ஓரிடத்தில் சக்கரத்தில் பெயிண்ட் ஒட்டி, வெள்ளைச் சீலிங்கில் மஞ்சள் கீற்று விழுந்தது. அவள் ஈரத்துணியால் ஒற்றியெடுத்தாள். அவர் சக்கரங்களைத் துடைத்துவிட்டு மறுபடி உருட்டினார். அப்படியே நகர்ந்து ஹென்றியின் படம் மாட்டிய சுவருக்கு வந்தார்கள்.

ஹென்றி அவளுடைய முதல் கணவன். மாலத்தீவுக்குத் தோணியில் போனவன் புயலில் போய்விட்டான், உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் தெருவே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, அவள் இந்தப் படத்தின் முன்னால்தான் மெழுகுதிரி ஏற்றுவாள். படத்தை இறக்கச் சொல்வாரோ என்று காலையிலிருந்தே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அதுவும் நியாயம்தான் என்றும் இருந்தது.

"பிளாரன்ஸ், இத இறக்கணுமா?"

அவள் படத்தைப் பார்த்தபடி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, அவரு அங்கனயே இருக்கட்டும்" என்றார்.

பட்டை அந்த இடத்துக்குத் தடிமன். பிரஷின் நுனியை மட்டும் பெயிண்டில் நனைத்து, டப்பா விளிம்பில் தட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சட்டத்தை ஒட்டிக் கோடு இழுத்தார். நான்கு பக்கமும் சுற்றி வந்தபோது மரத்தில் ஒரு பொட்டுக்கூடப் படவில்லை. ஏணியைப் பிடித்திருந்தவள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீதிச் சுவரையும் மஞ்சளாக அடித்து முடித்து, சாப்பிட்டபின் அவர் கொல்லையில் பிரஷைத் தண்ணீர் தெளியும்வரை அலசி, பழைய சீப்பால் முடியை வாரிவிட்டார். மடங்காமலிருக்கக் காகிதத்தில் சுற்றப்போகும்போது உள்ளிருந்து குரல் வந்தது.

"சார், அதச் சுத்தாதிய. இங்கன கொண்டாங்க."

அவள் ஸ்டூலில் ஏறி நின்றிருந்தாள். படம் அவள் நெஞ்சோடு இருந்தது. சுவரில் அந்த இடம் மட்டும் பழைய நீலம்.

"செவுரு முழுசாப் புதுசாகட்டும். காஞ்சதும் இவரத் திரும்ப மாட்டுவோம். இந்த எடத்த நான் அடிக்கேன்."

தேவதாசன் பிரஷை உதறிக் கொடுத்துவிட்டுப் படத்தை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். கொஞ்சம் யோசித்து, ஹென்றியின் முகம் அவள் அடிக்கப்போகும் சுவரைப் பார்க்கும்படி திருப்பிப் பிடித்தார். அவள் நீலத்தின் மூலையில் பிரஷை வைத்தாள்.