மாவடிப்பள்ளி வயலில் விழுந்த கடற்கல்

மீனவர் சங்கத்து அறையில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் மடிகணினியோடு சங்கத்தின் காரியதரிசி நப்லா. வலப்பக்கக் கதிரையில் மீராமுகைதீன். இடப்பக்கத்தில், முகத்தை யன்னலுக்குத் திருப்பியபடி அப்துல் கபூர். வாசலோரம் ஐஸ் பெட்டியின் மேல் கச்சிமுகம்மது. ஆண்கள் மூவருக்கும் ஆளுக்கொரு மீன்பிடிப் படகு, அவர்கள் பேச்சில் போட்டு, இருந்தது. ஒருவர் முகத்தில் மற்றவர் விழிக்காதபடிதான் உட்கார்ந்திருந்தார்கள்.

கரைக்கு அப்பால் கடலில் மணல் அள்ளப் போகிறார்கள். மீன் அடையும் கடலடிக் கல்லு எங்கே என்று எழுதித் தந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவதாக அரசுத் திணைக்களம் சொல்லியிருந்தது. சங்கம் அனுப்பிய முதற் கடிதம், விவரணம் போதாது, அகலாங்கும் நெட்டாங்கும், அதாவது அட்ச, தீர்க்க ரேகை எண்கள், தேவை என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. இன்றைய தபாலில் பதில் போகாவிட்டால் கல்லும் போயிற்று, அதை நம்பி எரியும் அடுப்பும் போயிற்று.

ஆகவே, குறிகளை எழுதித் தரும்படி மூவரிடமும் நப்லா சொல்லியிருந்தாள். கரையிலுள்ள இரண்டு பொருள்கள் ஒன்றை ஒன்று மறைத்து நேரே வந்தால் அது ஒரு குறி. இரண்டு குறிகள் சேருமிடத்தில் கல்லு. இணைய வரைபடத்தில் இரண்டு கோடுகளை இழுத்து நீட்டினால் வெட்டுமிடம் எண்ணாக வந்துவிடும். பத்து நிமிட வேலை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

“மாமா, உங்கட கல்லு மாவடிப்பள்ளி வயலுக்குள்ள கிடக்கு” என்றாள் மீராமுகைதீனிடம்.

ஐஸ் பெட்டி குலுங்கியது. “விரால் புடிக்கப் போற போல!” என்றார் கச்சிமுகம்மது.

“நீ வாயப் பொத்திட்டு இரி. மிசின் பிழையாக் காட்டுது, மகள்” என்றார் மீராமுகைதீன்.

அப்துல் கபூர் எழுதியிருந்த குறிகளின் கோடுகள் ஒன்றோடொன்று கோபித்தவை போலக் கிழக்கே ஓடி, கப்பல் போகும் கடலையும் தாண்டித்தான் சந்தித்தன.

“காக்கா, இங்க போய்வர எத்தின பரல் எண்ணெய் அடிக்கிற?” என்று அந்த அண்ணனைக் கேட்டாள் நப்லா.

“அது என்ட பாடு” என்றார் அவர், யன்னலிடம்.

கச்சிமுகம்மதுவின் தாளில் ஒரே குறிதான்: பள்ளி மினாரா தண்ணீர்த் தாங்கியை மறைக்க வேண்டும்.

“மத்தக் குறி எங்க?”

“அது நெஞ்சுக்குள்ள இரிக்கி, தங்கச்சி.”

“உங்கட நெஞ்சுக்கு நெட்டாங்கு இல்ல காக்கா! ஆளுக்கொரு ஜீபிஎஸ் வாங்கி வெச்சிருந்தா எனக்கு இந்தக் கரைச்சல் வருமா?”

“வெச்சா நம்பரக் களவெடுப்பானுகள்” என்று அப்துல் கபூர் முதன்முறையாகத் திரும்பி, ஐஸ் பெட்டியைப் பார்த்தார்.

“என்ன ஏன் பாக்கிறீங்க? எனக்குப் பின்னால வந்து உளவு பாக்கிற ஆரு?”

“நான் உளவா? என்ட கல்லடியில உன்ட போட்டுக்கு என்னடா வேலை?”

நப்லாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மற்ற இருவரும் பார்த்துவிடுவார்கள் என்று மூன்று பேருமே மெய்யை எழுதவில்லை. மேசையில் ஓங்கி அடித்தாள்.

“எழும்புங்க! மூணு பேரும் வெளிய. ஒவ்வொருத்தரா வாங்க. பொய் சொன்னா நான் ஊட்டுக்குப் போறன், மணல்காரன் வந்து அள்ளட்டும்!”

கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவரும் காதோடு காதாகச் சொன்னார்கள். மத்த ரெண்டு பேருக்கும் சொல்லிராத என்று ஒவ்வொருவரும் கெஞ்சிவிட்டும் போனார்கள். மூவர் சொன்ன குறிகளும் வேறு வேறு. ஆனால் கடைசிக் கோட்டையும் இழுத்தபோது ஆறு கோடுகளும் ஒரே இடத்தில் கூடி நின்றன.

சிரிப்பும் வந்தது, கணினியைத் தூக்கி எறியவும் தோன்றியது. இதைச் சொன்னால், கல்லை முதலில் கண்டது யாருடைய வாப்பா என்று இப்போதே வழக்குத் தொடங்கும். கடிதம் நாளைக்கும் போகாது. எண்ணைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, உள்ளங்கையால் எண் இருந்த வரியை மறைத்துக்கொண்டே கையெழுத்துக்கு நீட்டினாள்.

“மூணு பேர்ர கல்லும் இதுக்குள்ள இரிக்கா, மகள்?” என்றார் மீராமுகைதீன்.

“ஓம் மாமா. மூணு பேர்ரயும் இரிக்கி.”

“ஒரு வரிதானே கிடக்கு...”

“வைங்க கையெழுத்த!”

வைத்தார்கள். ஆனால் அவளைத் தனியே விடவில்லை. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு மூவரும் அவள் பிடித்த ஓட்டோவிலேயே ஏறி, கல்முனைத் தபாற்கந்தோர் வரை வந்தார்கள். அவர்கள் கண் முன்னாலேயே நப்லா உறையின் வாயைப் பசை தடவி ஒட்டி, பதிவுத் தபாலுக்கு நீட்டினாள். உத்தியோகத்தர் முத்திரையைக் குத்தி, கடிதத்தைச் சாக்குக்குள் போட்டார்.