பனி இறங்கிய நாள்

என் வீட்டுக்காரர் யசாகுவைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. எந்த வேலையை முதலில் செய்வது என்பதில்தான் அவருக்குப் புத்தி மழுங்கிப்போகும்.

ஆப்பிள் பறிக்கும் அவசரத்தில் தள்ளிப்போட்ட பழுதுகளையெல்லாம் குளிர்காலத்தில் தீர்க்கிறேன் என்று கொட்டகைக்குள் நுழைந்தார். மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு, ஏணிகளின் ஆடும் கால்களை இறுக்கினார், மருந்தடிக்கும் இயந்திரத்தைப் பிரித்துத் துடைத்தார், ரம்பத்தின் பல் ஒவ்வொன்றையும் அரத்தால் ராவினார். வெளியே எங்கள் மரங்கள் இடுப்பளவு பனியில் நின்றன. தாழ்ந்த கிளைகள் கண்ணுக்கே தெரியவில்லை.

எங்கள் சுகாரு வட்டாரத்தில் மேலே விழும் பனிக்கு யாரும் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. கிளையைப் புதைத்துக்கொண்ட பனி இளகி இறங்கும்போதுதான், கிளையையும் பிடித்து இழுத்துக் கிழித்துவிடும். அதற்குள் தோண்டி எடுத்துவிட வேண்டும். இது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஏங்க, குதோ தம்பி தோட்டத்துல கிளையெல்லாம் தோண்டியாச்சு. நாமளும் ஆரம்பிக்கலாமே?"

"இன்னும் கொட்டும்டி. இப்பத் தோண்டினா மறுபடி மூடிக்கும். ரெண்டு தடவை முதுகு ஒடியணுமா? கொட்டி முடியட்டும்."

பக்கத்துத் தோட்டத்துக் குதோ எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னண்ணே, ரம்பத்துக்குக் கல்யாணமா? இவ்வளவு அலங்காரம்!"

"போடா! வெட்டற நேரத்துல இரவல் கேட்டு வந்து நிப்பல்ல, அப்பப் பேசிக்கறேன்."

பிப்ரவரியில் ஒருநாள் காலையில் காற்று திடீரென்று வெதுவெதுப்பாக வீசியது. கூடவே மழை. நான் அடுப்பில் மீன் சாற்றை வைத்திருந்தேன். தோட்டத்திலிருந்து படீரென்று ஒரு சத்தம்.

யசாகு அரத்தைப் போட்டுவிட்டு மண்வாரியோடு ஓடினார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். நானும் ஓடினேன். ஈரப்பனி கல்லாகக் கனத்தது. ஒரு கிளையை விடுவிப்பதற்குள் வேறெங்கோ இரண்டு முறிந்தன. குதோவும் வந்தார். கிண்டல் ஒன்றும் இல்லை, வந்ததும் தோண்ட ஆரம்பித்தார். மூன்று பேர் என்ன, முப்பது பேர் வந்தாலும் அந்தப் பனியை முந்தியிருக்க முடியாது.

கொட்டகைக்கு எதிரே நிற்கும் மரம்தான் எங்களுக்கு அதிகம் காய்ப்பது. அதன் பெரிய கிளை சாய்ந்துகொண்டிருந்தது. யசாகு அதன் அடியில் தோளைக் கொடுத்தார்.

"கினுஏ, தோண்டுடி! சீக்கிரம்!"

"தோண்டிக்கிட்டுதாங்க இருக்கேன்!"

"அண்ணே, விட்டுடுங்க. உங்க மேல விழுந்துடப்போவுது!"

அவர் விடவில்லை. தண்டோடு சேரும் இடத்தில் பட்டை மெதுவாகக் கிழிவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கையில் மண்வாரி இருந்தது, அவ்வளவுதான். குதோதான் அவரை இழுத்துப் போட்டார்.

அதே போல இன்னொரு கிளை வளர்ந்து காய்க்கப் பத்து வருடமாவது ஆகும். அவருக்கு எழுபத்திரண்டு வயது.

கிழிந்த இடத்தைச் சீராக வெட்டாவிட்டால் மரமே அழுகிவிடும். மறுநாள் ஏணியைச் சாத்தினேன். அது கொஞ்சமும் ஆடவில்லை. அவர் ஏறி ரம்பத்தை வைத்தார். டோஃபுவில் கத்தி இறங்குவது போல இறங்கியது. பாவி மனுஷா என்று திட்டத்தான் வாயெடுத்தேன், ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லா அறுக்குதுடி," என்றார், என் பக்கம் திரும்பாமலே.

"ஆமாங்க," என்றேன். ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனோம்.